எடுல வண்டிய

நான்காவது ஆளும் என் காலை மிதித்துவிட்டுத்தான் போகிறான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, என் கால் அந்த இடத்தில் இருந்ததற்காக என்னை ஒரு முறை முறைத்தும்விட்டான். படம் ஆரம்பித்த பிறகு வருவது, வந்து செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு எழுத்தையும் நம்பரையும் தேடுவது, உட்கார்ந்த பிறகு அது தன் வரிசை இல்லை என்று தெரிந்து மறுபடி எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு திரும்புவது, இதற்கெல்லாம் நம் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. சோழர் காலத்தில் இருந்திருக்கும். கல்வெட்டு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஏ.சி.யை ஏன் இப்படி வைக்கிறார்கள்? மனிதர்களை உட்கார வைக்கவா, மீன்களை அடுக்கி வைக்கவா? எனக்கு இடது பக்கம் ஆவுடை சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்தது எங்கள் மகனின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று. அவளுக்கு அந்தப் பக்கம் மாடிவீட்டு ஜெசிந்தா டீச்சர், அதற்கடுத்து எதிர்வீட்டு மைமூன். வாசலில் இருந்த செக்யூரிட்டி என் பையைத் திறந்து நான் கொண்டுவந்த கடலைமிட்டாயைப் பறித்துக்கொண்டான், வெளித்தின்பண்டம் கூடாதாம். மைமூன் குடைக்குள் ஒரு பொட்டலம் ஓமப்பொடியைச் சொருகிக்கொண்டு வந்துவிட்டாள். கல்லூரியில் ஆயுள் முழுக்கச் சரித்திரம் நடத்திய நான் ஒரு கடலைமிட்டாயைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தம்மாள் ராஜதந்திரி. இதோ ஓமப்பொடி இருட்டில் கைமாறி வருகிறது, வேண்டாம் என்று தள்ளிவிட்டேன், கோபமாக இருக்கும்போது நான் தின்பதில்லை. கோபம் யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரியும். பேப்பர்மேல். இன்று காலைப் பேப்பரின் எட்டாம் பக்கத்தில் கீழ் மூலையில் ஒரு பத்திச் செய்தி. ரசிகர்களின் கருத்தை ஏற்றுப் படத்தின் நீளம் குறைக்கப்பட்டுள்ளதாகவும், இன்றுமுதல் எல்லாத் தியேட்டர்களிலும் வெட்டப்பட்ட படமே திரையிடப்படும் என்றும் அதில் இருந்தது. எதை வெட்டினார்கள் என்று இல்லை. ஊரில் யார் ஆடு காணாமல் போனாலும் அங்க அடையாளத்தோடு போடுகிற பேப்பர், ஒரு படத்திலிருந்து எந்தப் பகுதியைத் தூக்கினார்கள் என்று போடாது.

ஆவுடை இந்தப் படத்தில் நடித்திருக்கிறாள். நடித்திருக்கிறாள் என்று நான் சொல்வதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள், ‘நடிக்கவா செஞ்சேன், உள்ளதச் சொன்னேன்’ என்பாள். போன வருஷம் எங்கள் தெருவில் ஷூட்டிங் என்று வந்து இறங்கினார்கள். ஜெனரேட்டர் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு கேட்டை அடைத்து நிறுத்திவிட்டான் அந்த டிரைவர். ரெண்டு நிமிஷம்க்கா, ரெண்டு நிமிஷம்க்கா என்று மதியம்வரை சொன்னான். சமையலறை ஜன்னலிலிருந்து ஆவுடை கிளம்பினாள். ‘ரெண்டு நிமிசம்னு சொன்னவம்லாம் என் வாசல்லதாம்ல குடியிருக்கான், எடுல வண்டிய!’ நாலு தெரு தள்ளியிருக்கிற சமாதானபுரம் முக்குவரை கேட்டிருக்கும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ ஜெனரேட்டரை அணைத்தே விட்டார்கள், அது பயத்திலா மரியாதையிலா தெரியாது. தொப்பி போட்ட டைரக்டர் பையன் ஓடிவந்தான், என் முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டு, ‘சார், அம்மா இத அப்படியே கேமரா முன்னால ஒரு தடவ திட்டணும் சார்’ என்றான். மன்னிப்புக் கேட்க வருகிறான் என்று நினைத்து நான் பரவாயில்லை தம்பி என்று சொல்லி வைத்திருந்தேன், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆவுடை உள்ளே ஓடிப்போய் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வேண்டாம்மா, வீட்டில் கட்டியிருந்த அந்த வாயில் சேலையே இருக்கட்டும் என்றார்கள். அதில் ஒரு கோபம் அவளுக்கு, அந்தக் கோபமும் சேர்ந்து திட்டினாள். கதாநாயகன் கட்டம் போட்ட நீலச் சட்டையில் வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்துவான். ஆவுடை வெளியே வந்து யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்பாள். அவன் ரெண்டு நிமிஷம்க்கா என்பான். இவள் அந்த வசனத்தைச் சொல்வாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். இவ்வளவுதான் காட்சி. இதற்காக ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டில் நான் காப்பி குடிக்கவில்லை.

நீலச் சட்டை. படத்தை நான் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வெள்ளைச் சட்டை. அதற்கு முன் கறுப்பு. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது பச்சை. இவ்வளவு சட்டை வைத்திருப்பவன் எப்படி ஏழை என்று யாராவது கேட்டார்களா? தாமிரபரணி என்று காட்டுகிறார்கள், அது தாமிரபரணி இல்லை, என் பென்ஷன்மேல் சத்தியம் செய்கிறேன், தாமிரபரணிக்கு அந்த மாதிரிப் படித்துறை கிடையாது. எல்லோரும் வாய்க்கு வாய் லே போடுகிறார்கள். கலெக்டரைப் பார்த்து ஒருவன் வாங்கலே என்கிறான். அப்படிக் கூப்பிட்டிருந்தால் எங்கள் ஊரில் அவன் இரண்டாம் பாதிக்கு உயிரோடு வந்திருக்க மாட்டான். போதாததற்குப் பேசுவதையெல்லாம் கீழே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வருகிறார்கள், போடா என்று ஒரு சொல் சொன்னால் கீழே இரண்டு வரி ஓடுகிறது. ஆவுடை என் முழங்கையைத் தட்டுகிறாள். ‘இந்தா வருது, இந்தா வருது.’ வரவில்லை, பாட்டு வருகிறது. அவளுக்கு ரகசியம் பேசத் தெரியாது. அவள் ரகசியமாகச் சொன்னதற்கு இரண்டு வரிசை தள்ளி ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். பெண் பார்க்கப் போனபோது மட்டும்தான் அவள் மெல்லப் பேசிக் கேட்டிருக்கிறேன். என்ன ஒரு மென்மையான பெண் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்றைக்கு அவளுக்குத் தொண்டைக்கட்டு. கல்யாணத்துக்குள் சரியாகிவிட்டது. பித்தளைப் பானைக்குள் கரண்டி விழுந்த மாதிரி ஒரு குரல், அதில் எப்போதும் கொஞ்சம் கரகரப்பு, கோபம் வந்தால் கடைசியில் ஒரு கீறல். அந்தக் குரலோடுதான் இத்தனை வருஷமாக நான் தியேட்டருக்கு வருகிறேன், தியேட்டரில் பேசுகிறவர்களை அடக்குவதையே பிழைப்பாக வைத்திருக்கிற நான். எனக்குக் கல்லூரியில் பெயரே உஷ். உதட்டால் சொல்கிற உஷ் வேறு, அதை எந்தத் தாயும் சொல்வாள். என்னுடையது பல் இடுக்கிலிருந்து வருவது, விசில் அடிக்கப்போகிற குக்கர் மாதிரி மெல்ல ஏறி, கேட்டவன் அடுத்து என்ன நடக்குமோ என்று பயந்துபோய் வாயை மூடுகிற உஷ். முன்வரிசையில் இருக்கிற இந்தத் தாடிக்காரப் பையன்மேல் இப்போதுதான் ஒன்றைச் செலவழித்தேன். செல்போனில் எவனோடோ படத்தின் கதையைப் பேசிக்கொண்டிருந்தான். போனை அணைத்துவிட்டுத் திரும்பி, ‘சார், நீங்க படம் பாக்க வந்தீங்களா, எங்களப் பாக்க வந்தீங்களா?’ என்கிறான். நல்ல கேள்விதான், அதற்காக அதைக் கேட்க இவனுக்கு என்ன தகுதி? நான் இரண்டையும் பார்க்க வரவில்லை தம்பி, ஒரு நீலச் சட்டையைப் பார்க்க வந்திருக்கிறேன், அது வருமா வராதா என்று எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவளுக்கு இல்லை, அவள் இதோ சால்வைக்குள் உதட்டை அசைத்து வசனத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.

ஆமாம், அவளிடம் சொல்லவில்லை. காலையில் அந்தச் செய்தியைப் பார்த்ததும் பேப்பரை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் விரித்துவிட்டேன். அவள் கேட்டபோது நேற்றைய பேப்பரைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, ‘இந்தக் களவாணிப் பயலத்தான நேத்தும் புடிச்சாங்க, இன்னைக்கும் புடிச்சிருக்காங்களா?’ என்றாள். தப்பித்திருப்பான், மறுபடி பிடித்திருப்பார்கள் என்றேன். சரித்திரத்தை இப்படித்தான் திரிப்பார்கள் என்று வகுப்பில் எத்தனையோ முறை நானே சொல்லியிருக்கிறேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரமாட்டாள். இல்லை, வருவாள், வந்து, இந்த மூன்று மணி நேரமும் என்னைப்போலவே சட்டையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தர் எண்ணினால் போதாதா? படம் வெளியான அன்றே வந்திருக்க வேண்டும், வெட்டுவதற்கு முன்னால். நான் சொன்னேன். அவள்தான் வேண்டாம் என்றாள். ‘மொத நாளு விசில் அடிப்பானுவ, பேப்பரக் கிழிச்சுப் போடுவானுவ, நான் பேசுறது ஒருத்தனுக்கும் கேக்காது. கூட்டம் வத்தட்டும், செவ்வாக்கிழமை போவோம்.’ அதுதான் அவள் கணக்கு. முகம் தெரிவதைப் பற்றி அவள் ஒருநாளும் கவலைப்படவில்லை. என் முகத்த யாரு பாக்கா, எங்க தெருக்காரனுக்கே என்னைய சத்தத்த வச்சுத்தான் தெரியும் என்பாள். சத்தம் கேட்க வேண்டும். அந்த வசனம் எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக ஓடுகிறது. குழம்பைக் கிண்டிக்கொண்டே சொல்வாள், துணி காயப்போடும்போது சொல்வாள், ஒருமுறை காஸ் சிலிண்டர்காரனிடம் முழு வேகத்தில் சொல்லி அவன் உண்மையாகவே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், மூன்று நாள் விறகு அடுப்பு. மகன் பெங்களூரிலிருந்து பேசினால் அவனுக்கு ஒருதடவை, மருமகளுக்கு ஒருதடவை. கீறல் எங்கே விழ வேண்டும், எந்த இடத்தில் மூச்சை இழுக்க வேண்டும், ‘எடுல’வுக்கு முன்னால் அரைவாசி நொடி எப்படி நிற்க வேண்டும், எல்லாம் எனக்கே மனப்பாடம். வெட்டிவிட்டார்களா? வெட்டியிருந்தால், படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஜெசிந்தா டீச்சர் முகத்தை? அதைவிட, வீட்டுக்குப் போன பிறகு அவள் அந்த வசனத்தைச் சொல்லாமல் குழம்பு கிண்டுவாளே, அதை எப்படிக் கேட்பேன்?

இடைவேளை. கதையின் நடுவே அல்ல, ஒருவன் கதவைத் திறக்கிற நடுவே. கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரிய வேண்டுமானால் பாப்கார்ன் வாங்கித் தின்ன வேண்டும், இதற்குப் பெயர் கலை. விளக்குப் போட்டதும் எல்லோரும் உறக்கத்தில் எழுப்பப்பட்டவர்கள் மாதிரி முழிக்கிறார்கள். ‘ஆவுடையக்கா, நீங்க வாரதுக்குள்ள படமே முடிஞ்சிரும் போலயே’ என்கிறாள் ஜெசிந்தா டீச்சர். ‘ஒருவேளை நாம கண்ணச் சிமிட்டும்போது வந்துட்டுப் போயிட்டியளோ?’ மைமூன் ஓமப்பொடி கையை உதறிக்கொண்டு, ‘மதினி வந்தா கண்ண மூடிக்கிட்டு இருந்தாலும் தெரியும், காது இருக்குல்லா?’ என்கிறாள். மூவரும் சிரிக்கிறார்கள். ஆவுடை சிரிக்கும்போது முன்வரிசைத் தாடிக்காரன் திடுக்கிட்டுத் திரும்புகிறான். ‘என்னைய கடைசில வச்சிருக்கான்’ என்கிறாள் ஆவுடை, ‘நல்ல ஆளு அந்த டைரக்டர் பையன், எல்லாரும் உறங்கப்போற நேரத்துல எழுப்பிவிட ஒரு ஆளு வேணும்லா.’ பிறகு என் பக்கம் திரும்பி, ‘என்ன ஒரு மாதிரி இருக்கிய? குளிருதா?’ என்கிறாள். குளிரத்தான் செய்கிறது என்றேன். சால்வையில் பாதியை எடுத்து என் தோள்மேல் போட்டாள். இப்போது சொல்லிவிடலாம். இங்கே பாரு ஆவுடை, பேப்பரில் ஒரு செய்தி வந்தது, எதற்கும் மனசைத் தயார்ப்படுத்தி வைத்துக்கொள். எளிய வாக்கியம்தான், எழுவாய் பயனிலை எல்லாம் தயாராக இருக்கிறது. மைமூன் குறுக்கே சாய்ந்து, ‘அண்ணாச்சி, மதினி நடிச்சத நீங்க மொதல்லயே பாத்துட்டியளா? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கியளே?’ என்கிறாள். ‘நேர்ல பாத்தேன்மா, பாதிநாள் வீட்டுக்குள்ள போக முடியாம.’ ‘அவியளுக்கு இதுல ஒரே எரிச்சல்’ என்கிறாள் ஆவுடை பெருமையாக. ‘நான் ஸ்டாராயிட்டேம்லா.’ சொல்லவில்லை. விளக்கு அணைந்துவிட்டது. புகை பிடிக்காதீர்கள் என்று மறுபடி பயமுறுத்துகிறார்கள். நான் புகை பிடித்ததில்லை. பேப்பர் மட்டும்தான் படிக்கிறேன், அதற்கு ஓர் எச்சரிக்கையும் போடமாட்டேன் என்கிறார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, மாமாதான். தங்கை கல்யாணம். ஆவுடை சொன்ன அடையாளம் இது, தங்கை கல்யாணத்துக்கு அப்புறம்தான் நம்ம சீன் என்று ஷூட்டிங்கில் ஓர் உதவி டைரக்டர் சொன்னானாம். கல்யாணம் சந்தேகப்படும்படி சீக்கிரம் முடிகிறது. தாலி கட்டியதும் ஆஸ்பத்திரி. நடுவில் ஏதோ இருந்திருக்கிறது, வெட்டிய இடம் கத்தரியால் வெட்டிய சேலைமாதிரி நூல் தொங்குகிறது. வெட்டிவிட்டார்கள். ஆவுடைக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், முன்சாய்ந்திருந்தவள் கொஞ்சம் பின்னால் சாய்கிறாள், முழங்கையைத் தட்டவில்லை. யாரைக் கேட்டு வெட்டினார்கள்? படம் நீளம் என்று சொன்ன அந்த ரசிகர்கள் யார்? அவர்களுக்கு அப்படி என்ன அவசர வேலை? அந்தப் பாட்டை வெட்டியிருக்கலாமே, பனிமலையில் ஆடினார்களே, தங்கை கல்யாணத்துக்குப் பணமில்லாதவன் பனிமலைக்கு எப்படிப் போனான்? அந்தப் பாட்டில் பாதியை வெட்டினால் ஆவுடையைப் போல இருபது பேருக்கு இடம் கிடைக்குமே. டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அன்புள்ள தம்பி. வேண்டாம், அன்பு எதற்கு? ஆசிரியருக்குக் கடிதம் பகுதிக்கே எழுதலாம், ஐயா, தங்கள் நாளிதழின் எட்டாம் பக்கத்தில். நீலச் சட்டை. நீலம், கட்டம் போட்டது. பைக்கில் ஏறுகிறான். ஆவுடையின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கிறது, வளையல் சில்லென்று இருக்கிறது. துரத்துகிறார்கள். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் போகிறான், வெளியே வரும்போது டவுன் ரதவீதி, நடுவில் ஆற்றையும் பாலத்தையும் யாரோ சுருட்டி எடுத்துவிட்டார்கள், சரி, போகட்டும், இன்றைக்கு மன்னிக்கிறேன், எந்த ஊரைக் கடந்து வேண்டுமானாலும் வா, எங்கள் தெருவுக்கு வந்து சேர். அது எங்கள் தெரு. அது பால்காரர் வீட்டுச் சுவர். அது மைமூன் வீட்டு முருங்கை. மைமூன் ‘எங்க வீடு!’ என்று கத்திவிட்டாள், நான் உஷ் சொல்லவில்லை. அது எங்கள் கேட், நான்தான் பெயின்ட் அடிக்கச் சொன்னது, அரக்குக்கு ஒரு பிடி குறைவான சிவப்பு. பைக் நிற்கிறது. கேட் திறக்கிறது.

ஆவுடை. வீட்டுச் சுவர் அளவுக்கு ஆவுடை. நெற்றிப்பொட்டு இட்லித்தட்டுப் பெரிதாக இருக்கிறது. காதோரம் நரைத்த முடி ஒன்று பிரிந்து காற்றில் ஆடுகிறது, அந்த முடியை நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை, ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும். வெட்டவில்லை. பேப்பரே, உன்னை மன்னித்தேன். வாயில் சேலையில் அவள் இவ்வளவு லட்சணமாக இருப்பாள் என்று அந்தத் தொப்பிப் பையனுக்கு எப்படித் தெரிந்தது? என் மணிக்கட்டு நொறுங்குகிறது. திரையில் ஆவுடை வாயைத் திறக்கிறாள். ‘ஏலே தம்பி, ஆரக் கேட்டுலே இங்கன வண்டிய நிப்பாட்டுத?’ இது யார்? ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு. பக்கத்துத் தியேட்டர் சத்தம் இங்கே வருகிறது. இல்லை. வாய் ஆவுடையுடையது, சத்தம் வேறொருத்தியுடையது. தேனில் ஊறப்போட்ட குரல், சீரியலில் மருமகளுக்கு நல்லவள்போல் நடிக்கிற மாமியார் குரல், பித்தளை இல்லை, கரகரப்பு இல்லை, கீறல் இல்லை. கீழே ஆங்கிலத்தில் அவள் சொன்னது ஓடுகிறது, ஆங்கிலத்தில்கூட அவளைப் பேச விட்டுவிட்டார்கள், சொந்தக் குரலில்தான் விடவில்லை. டப்பிங். அந்த வார்த்தை இப்போது வந்து என் மண்டையில் நிற்கிறது. அன்றைக்கு ஷூட்டிங்கில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரன், மறுபடி ஓடத் தொடங்கிய ஜெனரேட்டரைக் காட்டி, சத்தம் ஜாஸ்தி, டப்பிங்ல பாத்துக்கலாம் என்றான். ஆவுடை ராத்திரி கேட்டாள், டப்பிங்னா என்னங்க என்று. நான் விளக்கினேன். என்னிடம் எதைக் கேட்டாலும் விளக்குவேன். வடக்கேயிருந்து வருகிற கதாநாயகிகளுக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்கு வேறு ஆள் பேசும், உனக்கு எதற்கு அது, உனக்குச் சத்தத்தை மட்டும் சுத்தம் செய்வார்கள், சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி. இஸ்திரி போட்டுவிட்டார்கள். சட்டைக்குள் இருந்த ஆளை எடுத்துவிட்டு வேறு ஆளை நுழைத்து இஸ்திரி போட்டுவிட்டார்கள். எவளையோ கூப்பிட்டுக் குளிர்சாதன அறையில் உட்காரவைத்து என் மனைவியின் வாய்க்குள் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அவளுக்கு எங்கள் வாசலும் தெரியாது, வெயிலும் தெரியாது, அந்த ஜெனரேட்டர்க்காரனும் தெரியாது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. எடுக்கவில்லை, அப்படியே கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. ஜெசிந்தா டீச்சர், ‘இது யாரு சத்தம்?’ என்று கேட்கிறாள். ஆவுடை பேசவில்லை. தியேட்டரில் அவள் பேசாமல் இருக்க வேண்டும் என்று எத்தனை படங்களில் வேண்டியிருக்கிறேன், இதோ கிடைத்துவிட்டது, கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இருட்டில் என் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிற சத்தமே இல்லை. திரையில் நீலச் சட்டை சிரிக்கிறான். ‘ரெண்டு நிமிஷம்க்கா.’ அடுத்தது அவள். ஒரு வருஷமாகக் குழம்பில் கிண்டியது, கொடியில் காயப்போட்டது, பெங்களூருக்கு அனுப்பியது, அதையும் அந்தத் தேன்குரல் எடுத்துக்கொள்ளப் போகிறது. அந்த இராட்சச உதடுகள் திறந்து மூச்சை இழுக்கின்றன. அந்த மூச்சு எனக்குத் தெரியும். என் பல் இடுக்கில் ஏதோ ஏறுகிறது, நான் ஏற்றவில்லை, தானாக ஏறுகிறது, குக்கர் மாதிரி, கல்லூரியில் எண்பது பையன்களை ஒரே தடவையில் அடக்கியது, அதைவிடப் பெரியது, நான் எழுந்து நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன், சால்வை கீழே விழுகிறது, கை நீட்டித் திரையைப் பார்த்து, ஆயுளில் முதல்முறையாகத் திரையைப் பார்த்து, ‘உஷ்ஷ்ஷ்!’

திரையில் இழுத்த மூச்சு இன்னும் வார்த்தையாகவில்லை. அந்த இடைவெளிக்குள் என் இடது பக்கமிருந்து பித்தளை விழுந்தது. ‘ரெண்டு நிமிசம்னு சொன்னவம்லாம்’, திரையில் உதடு சேர்ந்தபோது இங்கே சேர்ந்தது, ‘என் வாசல்லதாம்ல குடியிருக்கான்’, திரையில் புருவம் ஏறியபோது இங்கே குரல் ஏறியது, ஒரு நூல் பிசகவில்லை, பிசகாது, ஒரு வருஷம் ஒத்திகை பார்த்தவள். அரைவாசி நொடி நின்றாள். அங்கேயும் நின்றாள். ‘எடுல வண்டிய!’ கீறல் விழுந்தது, எங்கே விழ வேண்டுமோ அங்கே. ஸ்பீக்கருக்குள் அந்தத் தேன்குரல் என்னமோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும், எனக்குக் கேட்கவில்லை, கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்காது. பின்னால் எவனோ சிரித்தான். இன்னொருவன் யாருல அது என்றான். தாடிக்காரன் செல்போன் விளக்கோடு முழுசாகத் திரும்பிவிட்டான். வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தான், இந்த ஆள் இல்லை என்று தெரிந்து பக்கத்தில் கொண்டுபோனான். நெற்றிப்பொட்டு, காதோரம் பிரிந்த நரைமுடி. திரையைத் திரும்பிப் பார்த்தான், மறுபடி இவளைப் பார்த்தான். ‘எக்கா, நீங்களா?’ ஆவுடை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ‘விளக்க அணைச்சுட்டுப் படத்தப் பாரு தம்பி, பின்னால உள்ளவங்களுக்கு மறைக்குதுல்லா’ என்றாள். அணைத்தான். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். ‘நீங்களும் உக்காருங்க, என்ன சின்னப்புள்ள மாதிரி’ என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். காது அடைத்திருந்தது. சால்வையைத் தரையிலிருந்து எடுத்து உதறி என் மடியில் போட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாளா மூக்கைத் துடைத்துக்கொண்டாளா தெரியவில்லை, இருட்டு. திரையில் நீலச் சட்டைக்காரன் அசடு வழிந்து, பைக்கை உதைத்துக் கிளப்பி, எங்கள் வாசலை விட்டுத் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தான். அவள் என் காதருகே குனிந்தாள். இத்தனை வருஷத்தில் மெல்லப் பேச அவள் எடுத்த முயற்சிகளில் இதுதான் மோசமானது, தியேட்டர் முழுக்கக் கேட்டது.

‘எடுத்துட்டான் வண்டிய, பாத்தியளா?’